காலைச் செய்தியை மீண்டும் நானே வாசிக்கக் கோரி

அனுப்புநர்
ப. அம்பிகா, எம்.ஏ.,
இளநிலை உதவியாளர்,
சங்க உறுப்பினர், ஆம்பூர் கிளை.

பெறுநர்
வட்டாரச் செயலாளர் அவர்கள்,
பாலாறு வட்டார உள்ளாட்சிப் பணியாளர் சங்கம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: உறுப்பினர்களுக்கான காலைக் குரல் செய்தி – வாசிக்கும் பொறுப்பு தோழர் சங்கீதாவிடமே தொடர்வது – ஆட்சேபம் தெரிவித்தும் பொறுப்பைத் திரும்பக் கோரியும் – தொடர்பாக.

பார்வை: செயற்குழுவின் வாய்மொழி முடிவு.

மதிப்பிற்குரிய தோழர் ஜெயசீலன் அவர்களுக்கு,

1. நம் சங்கம் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி அனுப்பிவருகிறது. அகவிலைப்படி, இடமாறுதல், மருத்துவ முகாம், வேலூர் ஆஸ்பத்திரியில் யாருக்கு எந்த வகை ரத்தம் தேவை, யார் ஓய்வு பெறுகிறார், யார் இறந்தார். ஆம்பூரில் தூய்மைப் பணியாளர்கள் வருகைப் பதிவுக்குக் கூடும் இடத்தில் ஒருவரின் போனை ஸ்பீக்கரில் வைத்து எல்லோரும் கேட்பார்கள். கேட்ட பிறகே குப்பை வண்டிகள் கிளம்பும். இது சங்க விதியில் இல்லை. வழக்கமாகிவிட்டது.

2. இச்சேவையைத் தொடக்கம் முதல் வாசித்தவள் நான். ஒவ்வொரு செய்தியையும் உரியவருக்குப் போன் செய்து உறுதி செய்த பிறகே வாசித்தேன். என் காலத்தில் ஒரு தவறும் நேரவில்லை. ஒரு பாராட்டும் வரவில்லை. இரண்டையும் ஒரே நிறைவோடு ஏற்றுக்கொண்டதாக அப்போது நினைத்திருந்தேன்.

3. இவ்வாண்டு பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சிக்கு நான் அனுப்பப்பட்டேன். விடுதியில் சிக்னல் கிடைக்காது. திரும்பி வரும்வரை மட்டும் என்ற சொல்லோடு, குடிநீர்ப் பிரிவில் பணிபுரியும் தோழர் சங்கீதாவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 'வரும்வரை மட்டும்' என்பதைத் தாங்களே கூறினீர்கள். தங்கள் கையில் அப்போது டீ இருந்தது. மறந்திருக்கக்கூடும் என்பதால் குறிப்பிடுகிறேன்.

4. நான் திரும்பி வந்தேன். பொறுப்பு வரவில்லை. சங்கீதா வாசிக்கட்டும், அம்பிகா எழுதிக் கொடுக்கட்டும் என்று செயற்குழு முடிவு செய்ததாகத் தெரிவிக்கப்பட்டது. அன்று முதல் எழுதிக் கொடுத்துவருகிறேன்.

5. தோழர் சங்கீதா குறித்த என் ஆட்சேபங்கள்:

அ) எழுதிக் கொடுத்ததை அவர் வாசிப்பதில்லை. 'காலமானார்' என்று எழுதினால் "நம்மள உட்டுட்டுப் போய்ட்டாரு" என்கிறார். 'பலத்த மழை எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதினால் "கொடைய மறந்துடாதீங்க, அப்பறம் என்னத் திட்டாதீங்க" என்கிறார்.

ஆ) செய்தியின் நடுவே சிரிக்கிறார். அகவிலைப்படி பற்றிய செய்தியிலும்.

இ) தொடங்கும்போது தினமும் "சாப்ட்டீங்களா?" என்று கேட்கிறார். காலை ஆறு மணிக்கு. நூற்றுக்கணக்கானவர்களிடம். பதில் கேட்கும் வசதியே இல்லாத ஒரு சேவையில்.

6. ஆட்சேபத்தை, வருகைப் பதிவுக்குக் கூடும் இடத்தில் கிளைத் தோழர்களிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன். தூய்மைப் பணியாளரான தோழர் முனவ்வர் பேகம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கோச்சிக்காத அம்பிகா. அந்தப் பொண்ணு பேசுனா பக்கத்து ஊட்லருந்து கூப்புட்ற மாதிரி கீது. நீ படிச்சா, வண்டி ரெண்டாவது பிளாட்பாரத்துக்கு வருதுன்ற மாதிரி கீதும்மா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்த பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் நம் உறுப்பினர்களே அல்ல.

7. இனி முக்கியமான நிகழ்வுக்கு வருகிறேன்.

குழாய் பொருத்துநராகப் பணியாற்றிய திரு. சுந்தரமூர்த்தி கடந்த மாதம் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாவில் அவருக்கு மாலை போடப்பட்டது. அவ்விழாவுக்குச் சங்கீதா வரவில்லை. அந்தப் படத்தைக் கிளைத் தோழர் இன்பராஜ், நான் செய்தியை எழுதிக் கொடுத்த பிறகு, நேரடியாகச் சங்கீதாவுக்கு அனுப்பினார். படத்தின் கீழே பெயரும் கூப்பிய கைகளும் மட்டும். ஓய்வு பெற்றவருக்கும் மாலைதான் போடுகிறோம், இறந்தவரின் படத்துக்கும் மாலைதான் போடுகிறோம். நம்மிடம் வேறு வழக்கம் இல்லை. ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். சங்கீதா கேட்கவில்லை. மறுநாள் காலை, என் செய்திகளுக்கு முன்பாக, திரு. சுந்தரமூர்த்தி நம்மை விட்டுப் போய்விட்டதாக அறிவித்தார். குரல் உடைந்து, பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கினார்.

அன்று வண்டிகள் தாமதமாகக் கிளம்பின. மலர் வளையத்தோடு கிளைத் தோழர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். அவருடைய மனைவி சம்பூர்ணம் அம்மாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வளையத்தைப் பார்த்து, "யாருக்கு?" என்று கேட்டார். திரு. சுந்தரமூர்த்தி வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தார்.

இதன் பிறகு விசாரணை நடந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அவர் வாய் கொப்பளித்தார். போனில் செய்தியை ஒருமுறை முழுக்கக் கேட்டார். பிறகு வளையத்தை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "வந்தது வந்துட்டீங்க, டீ குட்ச்சிட்டுப் போங்க" என்றார். எல்லோரும் குடித்தார்கள். அழுதுகொண்டே ஓடிவந்த சங்கீதாவிடம் அவர் சொன்னதையும் பதிவு செய்கிறேன்: "ஏம்மா அழுவுற? எனக்கு நெசமா டைம் வர்றப்பவும் நீயே படி. வேற யாரும் படிக்கக் கூடாது, சொல்ட்டேன்."

வேறு யாரும் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் அங்கே நிற்பது அவருக்குத் தெரியாது என்றே நினைக்கிறேன்.

8. சங்கத்தின் நம்பகத்தன்மைக்கு இதைவிடப் பெரிய ஊறு இருக்க முடியாது. ஆனால் அந்த வாரம் முதல் குழுவில் சேர விரும்புவோர் எண்ணிக்கை கூடியது. ஆற்காட்டிலிருந்தும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒருவருக்குத் தவறே மாலையாகிறது. தவறே செய்யாத ஒருத்திக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ஒன்றை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். அன்று காலை அந்தச் செய்தியைக் கேட்டு நானும் அழுதேன். திரு. சுந்தரமூர்த்தியோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. சங்கீதா சொன்னதால் அழுதேன். அதை மன்னிக்க என்னால் இன்னும் முடியவில்லை.

9. என் தாயார் பட்டம்மாள் ஆம்பூர் கிளையின் நெடுநாள் உறுப்பினர். தூய்மைப் பணியாளர். அவர் இருட்டிலேயே வேலைக்குக் கிளம்புவார், அப்போது நான் எழுந்திருக்க மாட்டேன். மாலை நான் வரும்போது களைத்துப் படுத்திருப்பார். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. சண்டை இல்லை. பேச்சு அமைவதில்லை, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு, கூடும் இடத்தில், மற்றவர்களோடு நின்று அவர் என் குரலைக் கேட்டுவந்தார். ஒரு நாளில் நான் அவரிடம் பேசியது பெரும்பாலும் அது மட்டுமே. அதில் ரத்த வகை இருந்தது. இடமாறுதல் இருந்தது.

10. இப்போது சங்கீதா "சாப்ட்டீங்களா?" என்று கேட்கும்போது என் தாயார் போனைப் பார்த்து "ஆச்சும்மா, நீ சாப்ட்டியா?" என்று பதில் சொல்கிறார். தினமும். இதையும் முனவ்வர் பேகம்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. நான் வாசித்த காலத்தில் அம்மா எதற்கும் பதில் சொன்னதில்லை. சொல்லும்படி நான் எதையும் கேட்கவில்லை என்பது, இந்த மனுவை எழுதும்போதுதான் தெரிகிறது. அதனால் என் ஆட்சேபம் குறைந்துவிடவில்லை.

11. தாயார் இம்மாதம் 31ஆம் தேதி ஓய்வு பெறுகிறார். அவருடைய ஓய்வுச் செய்தியை நான் வாசிக்க விரும்புவதை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னது: "சங்கீதாவே படிக்கட்டும்டி. நீதான் தெனம் ஊட்லயே பேசறியே."

வீட்டில் பேசுவது எவ்வளவு என்பதை 9ஆம் பத்தியில் தெரிவித்துள்ளேன்.

12. ஆகவே, தங்களிடம் கோருவது:

காலைச் செய்தி வாசிக்கும் பொறுப்பை எனக்குத் திரும்ப வழங்க வேண்டும். இக்கோரிக்கையைச் செயற்குழு ஏற்காது என்பதை அறிவேன். அறிந்தே பதிவு செய்கிறேன்.

அது இயலாதெனில், 31ஆம் தேதி காலைச் செய்தியை மட்டும் நான் வாசிக்க ஆணையிட வேண்டும். மறுநாள் முதல் தோழர் சங்கீதாவே தொடரலாம். எழுதிக் கொடுக்கும் வேலையை நான் குறைவின்றிச் செய்வேன். திரு. சுந்தரமூர்த்திக்குரிய செய்தியிலும் நான் உரிமை கோரவில்லை, அதை அவர் சங்கீதாவுக்கே கொடுத்துவிட்டார்.

யார் வாசிக்கப்போகிறார் என்பதை என் தாயாரிடம் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தால் சங்கீதாவுக்காகப் பேச அவரே தங்களிடம் வருவார். தாங்கள் அவருக்கு மறுக்க மாட்டீர்கள்.

அன்றைய செய்தி முன்னதாகவே தங்கள் ஒப்புதலுக்கு அனுப்பப்படும். ஒரு வரி மட்டும் அதில் இருக்காது. தொடங்கும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன், கேட்டுவிட்டுச் சற்று நேரம் நிறுத்துவேன். அந்தக் கேள்வி தோழர் சங்கீதாவுடையது. அவரிடம் அனுமதி கேட்க மாட்டேன்.

விரைந்து ஆணை வழங்க வேண்டுகிறேன்.

இடம்: ஆம்பூர்
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்
ப. அம்பிகா

நகல்: யாருக்கும் இல்லை.