போடாத ஸ்டென்ட்

செவ்வாய் கிரகம், மூன்றாம் குடில், மருத்துவப் பிரிவு
எழுதுவது: எபினேசர், அறுவை மருத்துவர்

நாள் 5, 08:10
நோயாளி பூரணம், வயது 41, பனிச்சுரங்கப் பொறியாளர். ஐந்து நாள் முன் பொருத்திய மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. நேற்றுச் சிறுநீர் 2,900 மில்லி. சிறுநீர் வடிக்கும் கத்தீட்டரை எடுத்துவிட்டேன். சிறுநீரகம் தந்த தம்பி சுடலைமணியைத் தொற்று பயத்தால் பக்கத்துக் குடிலில் வைத்திருக்கிறேன். காலையும் மாலையும் ரேடியோவில் ஒரே கேள்வி: "அக்காவுக்கு இன்னிக்கு எவ்ளோ போச்சு டாக்டர்? நேத்தைவிட கூடவா?" அளவைச் சொன்னால் பரீட்சையில் பாஸான மாதிரி சிரிக்கிறார்.

நாள் 6, 07:40
சிறுநீர் 700. வயிற்று வடிகுழாயில் 1,400. பூமியிலிருந்து வழிகாட்டும் சென்னைக் குழுவின் பதில்: "உங்க குறிப்புல ஸ்டென்ட் வெச்சிருக்கீங்க, அதனால சிறுநீர்க் கசிவா இருக்காது. நிணநீர்தான். ரெண்டு நாள் பாருங்க, வயித்தைத் திறக்காதீங்க."

நாள் 6, 09:15
இது பூமிக்குப் போகாத பதிவு. ஸ்டென்ட் உள்ளே இல்லை. சிறுநீர்க்குழாயைப் பையோடு தைத்த இடத்தைக் காக்கும் அந்த மெல்லிய குழாய் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கை நழுவித் தரையில் விழுந்தது. அது இல்லாமலே தைத்து மூடினேன். அறுவைக் குறிப்பை முன்கூட்டியே நிரப்பி வைப்பது என் பழக்கம். அதில் "ஸ்டென்ட் பொருத்தப்பட்டது" என்று இருந்தது. திருத்தவில்லை. முப்பது வருட சர்வீஸ், கை நடுங்கியதென்று எழுத வெட்கம்.

நாள் 6, 11:30
வடிநீரைச் சோதித்தேன். சிறுநீரில் சேரும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தைவிடப் பதினெட்டு மடங்கு. சிறுநீர்தான். கத்தீட்டரை மறுபடி போட்டேன். சில கசிவுகள் தானாக மூடிக்கொள்ளும். சென்னையிடம் வாய் திறக்கவில்லை.

நாள் 8, 06:50
காய்ச்சல் 39.6. சூரியன் குறுக்கே வந்துவிட்டது, இனிப் பதினொரு நாள் பூமியோடு பேச முடியாது. சொல்லிவிடலாம் என்று மனம் வந்தபோது கேட்க ஆளில்லை. வயிற்றைத் திறக்கப் போகிறேன்.

நாள் 8, 13:20
சிறுநீர்க்குழாயின் நுனி கறுத்துச் செத்திருந்தது. சுற்றிலும் சீழ். வெட்டிவிட்டு மறுபடி பையில் தைத்தேன். ஸ்டென்ட்டுக்குப் பதிலாக மூக்குவழி உணவு ஏற்றும் மெல்லிய குழாயை நுழைத்தேன். பொருந்திவிட்டது. முதல் நாளே அது ஸ்டென்ட் இருந்த அதே இழுப்பறையில் கிடந்தது.

நாள் 9, 16:05
பூரணம் இறந்துவிட்டார். தொற்று இரத்தத்தில் ஏறிவிட்டது. சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை.

நாள் 9, 16:40
சுடலைமணியிடம் சொன்னேன். இறந்ததை மட்டும். அவர் சொன்னது:
"டாக்டர், சின்ன வயசுல எனக்குக் கல்லடைப்பு வந்துச்சு. சொன்னா வேண்டாம்னுருவீயளோன்னு மறைச்சிட்டேன். என் கிட்னிதான் அக்காவைக் கொன்னுட்டு. மன்னிச்சிருங்க."
பேசும் பொத்தானை அழுத்தினேன். கையை எடுத்துவிட்டேன்.
"சரி டாக்டர். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்குப் புரியுது."

நாள் 9, 17:30
சுடலைமணியை நான் இன்னும் அழைக்கவில்லை.

நாள் 10, 07:15
காலையில் ரேடியோ ஒலிக்கவில்லை. பக்கத்துக் குடிலின் வெளிக்கதவு 05:52-க்குத் திறந்ததாகக் கண்காணிப்புப் பலகை காட்டுகிறது. அவருடைய கவச உடை அங்கே மாட்டியிலேயே தொங்குகிறது. சுடலைமணி, உன் கிட்னி…