யார் கேட்ட கேள்விக்கு

புதன்கிழமை, மதியம்

அன்புக் குருவிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சாப்பாட்டு மேஜையில் இவருக்கு எதிரே கிடக்கும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் போட்டுப் பூட்டினேன். பல்கூட விளக்கவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் முகம் கழுவப் போனேன். நலமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் நாற்காலியில் ஆரம்பிக்கிறாளே என்று நினைப்பாய். அந்த நாற்காலியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் சாமான் விவரம். உன் கொழுந்தனார் நாளை காலைப் பேருந்தில் எல்லை தாண்டி உன்னிடம் வருகிறார். இந்தக் கடிதத்தோடு கம்பளிச் சால்வையும் இருமல் மருந்தும் உன்னவருடைய மாற்றுக் கண்ணாடியும் கொடுத்து அனுப்புகிறேன். பிடித்து வைத்திருக்கிற இடத்தில் கண்ணாடி உடைந்துபோயிருந்தால் மனிதர் என்ன செய்வார் என்று நீ எழுதியிருந்தாய். உன் வீட்டைத் திறந்து அவருடைய மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தேன். துடைக்கவில்லை. ஓரத்தில் அவர் விரல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. துடைப்பதா வேண்டாமா என்பதை நீ பார்த்துக்கொள்.

நீ தங்கியிருக்கும் அறையை நினைத்துப் பார்க்கிறேன். ஜன்னலுக்கு எதிரே நீ மனுவோடு போய் நிற்கும் அந்த அலுவலகம், அங்கே தினமும் "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லும் குமாஸ்தா. அந்த நாட்டுச் சிறையில் கிடக்கும் நம் லாரி ஓட்டுநர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார் உன்னவர். போனவர் போனவர்தான். அவையில் யார் கேட்டாலும் வெளியுறவு அமைச்சர் எழுந்து, தகவல் திரட்டப்பட்டு வருகிறது என்கிறார். அந்த அமைச்சரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். தெரிந்தும் நீ எனக்குக் கடிதம் எழுதுகிறாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா, தெரியவில்லை.

எங்கள் வீட்டுக் காலை வேளை உனக்குத் தெரியும். இவர் துணை அமைச்சரான புதிதில் கேள்வி நேரம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்த பதிலை வாசித்துவிடுவார். அதையடுத்து உறுப்பினர்கள் நின்ற நிலையில் கேட்கும் துணைக் கேள்விகளில்தான் கவிழ்ந்துபோவார். கல்லூரி மேடையில் உன்னோடு வாய்ச்சண்டை போட்டு வளர்ந்தவள் வீட்டிலேயே இருக்கிறாளே என்று, காலை உணவின்போது நான் எதிர்க்கட்சி ஆனேன். முக்கியமாக உன்னவர் ஆனேன். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு ஊசி என்று பெயர் வைத்ததே அந்தத் துணைக் கேள்விகளுக்காகத்தானே? கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பென்சிலால் மேஜையைத் தட்டி, "மாண்புமிகு அமைச்சர் விழித்திருந்தால் ஒன்று கேட்கலாமா?" என்று அவர் குரலிலேயே ஆரம்பிப்பேன். இவருக்கு ரொட்டி புரையேறும். அந்தச் சிரிப்பில்தான் நாக்கு இளகும். இவரும் நல்ல மனிதர்தான் என்று எழுதக் கை வருகிறது. எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை.

உன்னவருக்கும் இது தெரியும். உன் வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவும்போது என்னிடம் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? "என்னம்மா சக உறுப்பினரே, எல்லாத்தையும் காலையிலேயே நீங்க கேட்டுட்டா நான் அவையில போய் என்னத்தைக் கேக்கறது? கொஞ்சம் மிச்சம் வையுங்க." நீ அப்போது துண்டை அவர் மேல் வீசினாய்.

இனி நடந்ததை எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

போன மாதம் ஒரு நாள் விசா கட்டணம் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. காலையில் அதைத்தான் இவரிடம் கேட்டுப் பழக்கினேன். உன்னவர் காணாமல் போனதிலிருந்து அவர் குரலில் கேட்பதில்லை. என் குரலில், மரியாதையாக. தேநீர் ஊற்றும்போது மட்டும் வேறொரு கேள்வி தொண்டை வரை வந்தது. அவர் எல்லை தாண்டிய செய்தி உங்களுக்கு எப்போது தெரியும்? கேட்கவில்லை. தேநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

அன்று பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் விசா பதிலை வாசித்தார், உட்கார்ந்தார். அவைத்தலைவர் அடுத்த கேள்வியை அழைக்க வாயெடுத்தார். இவர் மறுபடி எழுந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, குருவி. எழுந்தவர் ஒலிவாங்கியைச் சரிசெய்தார். மூன்றாம் வரிசையில் தூணோரம் காலியாகக் கிடக்கும் உன்னவர் இருக்கையைப் பார்த்தார். ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பவர் போலத் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். பிறகு, "அன்று மாலையே தெரியும்" என்றார்.

அவை சிரித்தது. அவைத்தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மாண்புமிகு அமைச்சர் யார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறார்?" என்றார். "உறுப்பினர் கேட்டதற்கு" என்று சொல்லிவிட்டு இவர் உட்கார்ந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ, "வீட்டுல தூங்க விடறதில்லையாம்பா" என்றதும் மறுபடி சிரிப்பு. நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால் இவருக்கு நினைவே இல்லை. இவருடைய செயலர்தான், "அடுத்த தடவை ஐயா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வியை ஏற்பாடு பண்ணிடறேன்மா" என்று கேலி செய்தார். தற்செயல் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்தது ஒப்படைப்பு மசோதா வந்த நாள். அதை எதிர்த்து உன்னவர் ஊர் ஊராகப் பேசியதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து நாடு ஒருவரைக் கேட்டால் விசாரணை இல்லாமலே பிடித்துக் கொடுக்கலாம் என்கிற சட்டம். காலையில் ஒவ்வொரு பிரிவாகக் கேட்டேன், இவரும் தண்ணீர் பட்ட பாடாகப் பதில் சொன்னார். நான் கேட்காமல் அடக்கியது ஒன்றே ஒன்று. அவர் வருகிறார் என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொன்னது யார்?

அவையில் இவர் பதிலை முடித்து உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். தூணோரம் பார்த்தார். இந்தத் தடவை காத்திருந்தது நீண்டது, கேள்வி நீளமானது என்பது போல. நடுவில் ஒருமுறை தலையசைத்தார். அந்தக் காலி இருக்கைக்குப் பக்கத்து உறுப்பினர் தன் காகிதங்களை இழுத்துத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார், அருகில் எழுந்து நிற்கும் ஒருவருக்கு இடம் விடுவது போல. அவர் அதைத் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. இவர் சொன்னார்: "நாங்கள்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவைத்தலைவர் அதே கேள்வியைக் கேட்டார், இவர் அதே பதிலைச் சொன்னார். பொருளற்ற சொற்கள் என்று அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். கேள்வி தெரியாதவர்களுக்கு அது பொருளற்றதுதான். அந்தக் கூடத்தில் கேள்வி தெரிந்தவள் நான் ஒருத்தி.

மறுநாள் காலை நேராகவே கேட்டேன். "அவரைக் காட்டிக் கொடுத்தது நீங்கதானா?" வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் நிமிராமல், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்றார். கட்டின மனைவியிடம்! கோபம் இல்லை, பொய் சொல்கிறவரின் தடுமாற்றமும் இல்லை. ரொட்டித் துணுக்கு உதிர்வது போல அந்த வாக்கியம் உதிர்ந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் வாய்விட்டுக் கேட்பதற்கெல்லாம் எழுதிவைத்த பதில் வருகிறது. நான் கேட்காமல் வைப்பதை அங்கே ஒருவர் எடுத்துக் கேட்டுவிடுகிறார்.

எனக்குப் பைத்தியமோ என்று நினைத்தேன். ஓட்டுநர் நேற்று கார் கதவைத் திறந்துவிட்டபடி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஐயா இப்பல்லாம் ஓரமா ஒடுங்கி உக்கார்றாரு. பக்கத்துல ஆள் இருந்தா உக்கார்ற மாதிரி. நேத்து 'கதவை மெதுவா சாத்துப்பா, அவரு கை இருக்கு'ன்னாரு." அதைக் கேட்டுவிட்டுத்தான் இன்று நாற்காலியைப் பூட்டினேன். அதில் உட்கார்ந்து அவர் குரலைப் பழகியவள் நான். நாற்காலி போனால் எல்லாம் போய்விடும் என்று ஒரு நப்பாசை.

இவர் குளித்துவிட்டுக் கோப்போடு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். எதிரே வெறும் தரை.

"எங்கே அவரு?" என்றார்.

யார் என்று கேட்டேன்.

"கேள்வி கேக்கறவரு."

"நான்தாங்க கேக்கறது, இதோ நிக்கறேனே" என்றேன்.

என்னை இரக்கத்தோடு பார்த்தார், குருவி. குழந்தைக்கு விளக்குவது போல, "நீ காலையில கேக்கறே. அவரு அப்புறமா கேக்கறாரு. மிச்சத்தை" என்றார். பிறகு ஒன்றுமே நடக்காதது போல, முட்டைக்கு உப்பு போதவில்லை என்றார்.

மிச்சம் என்ற சொல்லை உன்னவர் என்னிடம் சொன்னபோது இவர் பக்கத்தில் இல்லை. கூடத்தில் உன் மாமனாரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் இவரிடம் சொன்னதும் இல்லை.

இவர் கிளம்பிப் போன பிறகு சாமான் அறையைத் திறந்தேன். நாற்காலி சூடாக இருந்தது என்றெல்லாம் எழுதமாட்டேன். குளிர்ந்துதான் கிடந்தது. தூக்கிவந்து பழைய இடத்திலேயே போட்டேன். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி இவருடைய கேள்வி நேரம். அடுத்த வாரம் மசோதா வாக்கெடுப்புக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை காலை எல்லாவற்றையும் கேட்பேன், ஒன்றை மட்டும் மிச்சம் வைப்பேன். எதை என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். உயிரோடு இருக்கிறாரா என்பதை மிச்சம் வைக்க என்னால் முடியாது. அதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வந்துவிடும், அந்த ஒற்றைச் சொல்லை நீ அங்கே தனியாக இருந்து கேட்கக் கூடாது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் மிச்சம் வைக்கப்போகிறேன். எங்கே என்று கேட்டால், இருக்கிறார் என்று நாம் சொல்லிவிட்டதாக ஆகிறது, இல்லையா?

இவர் எழுந்து, தூணோரம் பார்த்து, பதில் சொல்வார். அவைத்தலைவர் வழக்கம்போல, யார் கேட்ட கேள்விக்கு என்பார். இவர் வாய் திறப்பதற்குள் மாடத்தில் நான் எழுந்து நிற்பேன். பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். காவலர்கள் படியேறி வருவதற்குள் கேள்வியைச் சொல்லிவிட முடியும். இதற்கு முன் கேட்ட இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அந்தப் பதில்களைப் பொருளற்றவை என்று யாரும் நீக்க முடியாது. இவருக்கு என்ன ஆகும் என்பது தெரியும். எனக்கு என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. இந்தத் தாளுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

உன் அறையில் காலை வேளையில், கேள்வி நேரத்தை அப்படியே ஒலிபரப்பும் நம் வானொலி இரைச்சல் இல்லாமல் எடுக்கிறது என்று எழுதியிருந்தாயே. வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போகாதே. குமாஸ்தா ஒரு நாள் நிம்மதியாக இருக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, அவர் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு கேள். இவர் பதிலோடு நிறுத்திவிடாதே. அதற்குப் பிறகு மாடத்திலிருந்து ஒரு குரல் வரும். என் குரலில்தான் பேசவேண்டும் என்று இருக்கிறேன். ஆனாலும் அது அவருடைய குரல் போல உன் காதில் விழுந்தால் பயந்துவிடாதே, குருவி. கடைசி வரை கேள்.

நீங்கள் இருவரும் சேர்ந்து வீடு திரும்ப வேண்டும்.

என்றும் உன்
அறைத்தோழி