நாளைக்கு ஒரு எட்டு வந்துருங்க

ஒட்டுமீசைக்குத் தடவும் பசைக்கு ஒரு வாசனை உண்டு. சாராயத்தில் சாம்பிராணியைக் கரைத்தது போல இருக்கும். நேற்று மத்தியானம் மூணாறில் ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு மாணவி கண்ணாடியைப் பார்த்து மேலுதட்டில் அந்தப் பசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாடகத்துல நீ யாரும்மா?"

"கவர்மென்ட் ஆபீஸ் கிளார்க்கு சார். ஒண்ணும் பேச வேண்டாம். தூங்கினாப் போதும்."

நீங்கள் இருந்திருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சண்டையே போட்டிருப்பீர்கள்.

திங்கட்கிழமை காலையில் தாலுக்கா அலுவலகத்தில் உங்கள் மேசையருகே நின்றால் இந்த வாசனைதான் அடிக்கும். முந்தின நாள் ஏதாவது ஓர் எஸ்டேட்டில் நாடகம் போட்டிருப்பீர்கள். மீசையைப் பிய்த்த இடம் சிவந்திருக்கும். கொங்குத் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தை விட்டு, கிளார்க் உத்தியோகத்துக்காக மலையேறி வந்தவர் நீங்கள். நான் இங்கேயே எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து நிருபரானவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை 'நீ' என்று பேசிக்கொள்ளவில்லை. உங்கள் ஊர்த் தமிழ் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு எனக்கும் அதுவே பழகிவிட்டது.

டீக்கடைத் தொலைக்காட்சியில் படம் ஓடும்போது அரசு அலுவலகக் காட்சி வந்துவிட்டால் நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிடுவீர்கள். கிறீச்சிடும் மின்விசிறி, தட்டினால் தூசி பறக்கும் கோப்பு, வாயைத் திறந்து தூங்கும் குமாஸ்தா. கடையே சிரிக்கும். வாரப் பத்திரிகைக் கதைகளிலும் அதே குமாஸ்தாதான் தூங்குவார்.

"தூங்கறவனப் பாத்துச் சிரிக்கறது சுலபமுங்க," என்பீர்கள். "அவன ஒரு தட்டுத் தட்டுனா எந்திரிச்சிருவான். நாள் முச்சூடும் வேர்க்க விறுவிறுக்க வேலை பாக்கறான் பாருங்க, ஆனா ஒருத்தர் காரியமும் ஆகாது. அவனத்தானுங்க ஒண்ணும் பண்ண முடியாது."

உங்கள் நாடகத்து அதிகாரி அப்படிப்பட்டவர். தூங்கவே மாட்டார். பென்சில் சீவுவார், கோப்பைக் கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். மனு கொண்டு வந்தவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார், பிள்ளைகளை விசாரிப்பார். எல்லாம் முடிந்ததும் கையைக் கூப்பி, "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. நாளைக்கு ஒரு எட்டு வந்துருங்க" என்பார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த காட்சியில் அவரே நரைத்த தலையோடு வருவார். மறுபடியும் டீ.

காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களங்கள்தான் உங்கள் மேடை. மதுரைத் தமிழும் திருநெல்வேலித் தமிழும் பேசுகிற எங்கள் ஜனங்களுக்கு உங்கள் கொங்குப் பேச்சே பாதிச் சிரிப்பு. வண்டிப்பெரியாரிலிருந்துகூட நாடகத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைசியில் அந்த வசனத்தை நீங்கள் அலுவலகத்தில் சொல்லவே முடியாமல் போனது. தவணை சொல்ல வாயெடுத்தாலே வரிசை சிரித்துவிடும். "என்ற நாடகமே எனக்கு மேலதிகாரி ஆயிருச்சுங்க" என்று முனகிக்கொண்டே அன்றன்றைய வேலையை அன்றன்றே முடித்தீர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் பேச்சியம்மா வந்தார். கம்ப்யூட்டர் வராத காலம். கொழுந்து பறிக்கிற பெண்மணி. மகள் முத்துலட்சுமிக்கு நர்ஸிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழை மறுநாள் காலை கல்லூரியில் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பாட்டன் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு மலையேறிவிட்டோம் என்று காட்டினால்தான் சான்றிதழ்; அதற்கு எஸ்டேட்டிலிருந்து சாட்சிக் காகிதம் வாங்குவதற்குள் இவ்வளவு நாளாகிவிட்டது. கோப்பு அன்று காலையில்தான் முழுமையானது. தாசில்தார் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவரோ மண் சரிந்த சாலையைப் பார்க்கப் போயிருந்தார். அன்று இனி அலுவலகம் திரும்ப மாட்டார். செய்தி சேகரிக்க வந்த நான் உங்கள் மேசையருகில் நின்றிருந்தேன்.

நீங்கள் கூசிக்கூசித்தான் சொன்னீர்கள். "அம்மா, நாளைக்கு ஒரு எட்டு வந்துருங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. பேச்சியம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எங்க பெரட்டுக்களத்துல முன்வரிசையில உக்காந்து பாத்தவ சார் நானு. சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சு. போதும் சார், காகிதத்தக் குடுங்க."

"இல்லீங்கம்மா, நெசமாத்தான் சொல்றேன். நாளைக்குத்தானுங்க..."

"டீயச் சொல்லலையே சார்!" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

அம்மாவின் பக்கத்தில் நின்ற முத்துலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, சார் நடிக்கலம்மா."

அறை எப்படி அடங்கியது என்பது உங்களுக்கும் கடைசிவரை நினைவிருந்தது. நீங்கள் எழுந்து அரை நாள் விடுப்பு எழுதித் தலைமை எழுத்தர் மேசையில் வைத்தீர்கள். "கோப்போட படியைத் தாண்டினா மெமோ வரும், பாத்துக்கோ" என்றார் அவர். "வரட்டுங்க, வாங்கிக்கறேன்" என்றீர்கள். கோப்பை ஒரு கையிலும், மேசைக்கடியில் இருந்த நாடகத்து ஒப்பனைத் தகரப்பெட்டியை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டீர்கள். இந்த நேரத்தில் பெட்டி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எஸ்டேட் ஜீப் ஒன்று கிடைத்தது. தாயும் மகளும் நாமும் ஏறினோம். மண் சரிந்த இடத்தில் தாசில்தார் குடை பிடித்து நின்றிருந்தார். மலையாளி, கண்டிப்பானவர். ஜீப்பின் பானெட் மேல் கோப்பை விரித்து ஒவ்வொரு தாளாகப் படித்தார். நான் குடையைப் பிடித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சீல் ஆபீஸிலல்லே? சீல் இல்லாம இது எந்தினு? எதுக்கு ஆகும்?"

நீங்கள் தகரப்பெட்டியைத் திறந்தீர்கள். ஒட்டுமீசைகளுக்கும் பசைப் புட்டிக்கும் நடுவே அலுவலக முத்திரையும் ஸ்டாம்ப் பேடும் இருந்தன. முத்திரையை வெளியே எடுத்து வருவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பேச்சியம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். தாசில்தார் முத்திரையைப் பார்த்தார், மீசைகளைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து அவரே குத்தினார்.

"அடுத்த நாடகத்துல ஞான் உண்டோ?"

"கையெழுத்துப் போட்டுட்டீங்களே சார். இனி உங்கள வெச்சு என்னத்தங்க நாடகம் பண்றது?"

அவர் குடை ஆடச் சிரித்தார். அதற்குப் பிறகுதான் முத்துலட்சுமியும் சிரித்தாள். அன்று மாலைப் பேருந்திலேயே அவள் சான்றிதழோடு கல்லூரிக்குக் கிளம்பினாள்.

மெமோ வராமல் இருக்கவில்லை. பதில் எழுதினீர்கள், கண்டிப்போடு முடிந்தது. அதைவிட நாடகத்துக்கு நீங்கள் செய்ததுதான் எனக்குப் பெரிது. வசனத்தை எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. ஒரு பெண்ணைச் சேர்த்தீர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்போது அவள் மேடையோரத்திலிருந்து முத்துலட்சுமி சொன்ன அந்த ஒரே வரியைச் சொல்வாள். களம் அப்படியே அடங்கிப்போகும். பிறகுதான் கைதட்டுவார்கள்.

"சிரிப்பக் கெடுத்துட்டீங்களே," என்று கேட்டேன்.

"கெடுக்கலீங்க. சிரிச்சவங்கள்ள பாதிப்பேரு ஊட்ல ஒரு மனு நின்னுட்டுக் கெடக்குது. அது அவங்களுக்கு ஞாபகம் வரட்டுங்க."

ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகும் தொலைபேசியில் முதலில் அந்த வசனத்தைத்தான் சொல்வீர்கள். போன வருஷம் உங்கள் மகன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோதும் அதைக் கேட்கத் தயாராகத்தான் எடுத்தேன்.

ஐயா, இத்தனை வருஷம் நான் அலுவலகங்களைப் பற்றி எழுதியதில் நையாண்டி நிறைய உண்டு. அது யாரையும் சிறுமைப்படுத்தாமல் இருந்திருந்தால், நீங்கள் என் பக்கத்தில் இருந்ததால்தான். நேரில் சொல்லியிருக்கிறேன், நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். இப்போது மாற்ற முடியாது. நன்றி.

நேற்று அந்தப் பிள்ளை மேடையில் அழகாகத் தூங்கினாள். குறட்டைக்கு அரங்கமே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, பழக்கம் போல, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஓர் அம்மாள், மடியில் மனுக் காகிதங்கள் தெரியும் பிளாஸ்டிக் உறையோடு, மேடையைப் பார்த்தபடி இருந்தார். சிரிக்கவில்லை.

எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எந்த ஆபீஸும்மா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, உறையைப் பிரிக்கத் தொடங்கினார்.