வலிக்கவில்லை என்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கு முட்டிவலி தேவலையா? நம் வாயாடிக்கு அடுத்த வாரம் கைக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். என் பெண் மாடிப்படியில் விழுந்தாள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடந்த தீ விபத்தில் தப்பிய பிள்ளைகள் முப்பத்தொரு பேர் என் வகுப்பில் இருப்பது உனக்குத் தெரியும். பள்ளியில் இப்போது மணி அடிப்பதில்லை. ஜன்னலைச் சாத்துவதென்றாலும் சொல்லிவிட்டுத்தான் சாத்துகிறோம். டஸ்டர் கை தவறி விழுந்தால் பாதி வகுப்பு பெஞ்சுக்கடியில் இருக்கும். பழக்கதோஷம், வீட்டிலும் "குக்கர் விசில் வரப்போகுது" என்று அறிவிக்கிறேன். வாயாடி முதலில் சிரித்தாள்.

ஒருத்தி தன் தங்கையின் கையை எந்த இடத்தில் விட்டாள் என்று தினமும் என்னிடம் சொல்கிறாள். நானும் முதல் தடவை கேட்பது போலக் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் யார் பேசினாலும் எரிச்சலாக வருகிறது. கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டார். எங்களுக்கு மூச்சுப்பயிற்சி தர ஒருவரை அழைத்து வந்தார்கள். மூச்சை இழுங்கள் என்றார், எனக்குப் புகை நாற்றம் அடித்தது. அந்தத் தீயை நான் பார்த்ததுகூட இல்லை, அக்கா.

வாயாடி பல் வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று வந்தபோதெல்லாம், "இதெல்லாம் ஒரு வலியா? என் கிளாஸ்ல வந்து பாரு" என்றேன். விழுந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை இடக்கையால் தலை வாரிக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட்டுச் சட்டைக் கையைத் தூக்கினால், வீங்கிக் கறுத்திருந்தது. எலும்பு முறிவு. ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "அம்மா கிளாஸ்ல இருக்கறவங்களுக்குத்தான் நெஜமா வலிக்கும். எனக்கெல்லாம் சும்மா" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காது கொடுத்தேன், பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அவர் கப்பலிலிருந்து இறங்க இன்னும் நான்கு மாதம். வேலையை விடலாம். விட்டால், தங்கையை இழந்தவள் நாளைக்கு யாரிடம் சொல்வாள்?

கட்டுப் பிரித்ததும் வாயாடியை உன்னிடம் அனுப்புகிறேன். இந்தப் பருவம் முழுக்க அங்கேயே படிக்கட்டும். பெரியம்மா என்றால் அவளுக்கு உயிர். எதைக் கேட்டாலும் வலிக்கவில்லை என்பாள். நம்பாதே. சட்டைக் கையைத் தூக்கிப் பார். நான் சொல்லிக் கேட்பதாகக் காட்டிக்கொள்ளாதே, நீயாகக் கேட்பதுபோல் கேள்.

அவள் அழுதால் மட்டும் எனக்கு எழுது.

உன் தங்கை