பார்த்து எழுதிய விளையாட்டு

ஜூன் 9, திங்கள்
கூரியர் வேலையை விட்டது சரிதான் என்று இன்று தோன்றியது. கேம் செய்யக் கற்றுத்தரும் வீடியோவைப் பார்த்தபடியே ஒரு கேமுக்கான புரோகிராமை எழுதி முடித்துவிட்டேன். திரையில் குரங்கு ஓடுகிறது, தாவுகிறது, பழத்தைப் பிடிக்கிறது. என் மனைவி லூசியா திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி முடித்து வந்ததும் காட்டினேன்.
"நீங்களே பண்ணீங்களா?" என்றாள்.
ஆமாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்
அடுத்த பாடம், கார் பந்தயம். வீடியோவை நிறுத்தி, பார்த்து, அடித்து, மறுபடி ஓடவிட்டு... கார் ஓடுகிறது. எப்படி ஓடுகிறது? தெரியவில்லை.

ஜூன் 26, வியாழன்
விழுப்புரத்தில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் இன்டர்வியூ. குரங்கைக் காட்டினேன். கேள்வி கேட்ட தர்மதேவி என்னைவிடச் சின்னவள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.
"இதே குரங்க இந்த வாரம் நாலு பேரு கொண்டாந்துட்டாங்க சார். பழம் கீழ விழுந்தா ஆட்டம் முடியணும். அத மட்டும் இங்கியே பண்ணிக் காட்டுங்க."
கீபோர்டில் கை வைத்தேன். ஒரு வரிகூட வரவில்லை. ஒரே ஒரு வரி! "வீடியோ பாத்துக்கலாமா மேடம்?" என்று கேட்டேன். கேட்டேனே, த்தூ.
திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை தலை நிமிரவில்லை.

ஜூன் 27
லூசியாவிடம் சொன்னேன். சோறு பிசைந்த கை நின்றது.
"அப்ப இத்தினி நாளா டைப்தான் அடிச்சிக்கினு இருந்தீங்களா? அதுக்கா நான் டபுள் டூட்டி பாத்துக்கினு வர்றேன்?"
உனக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் கத்தினேன்.

ஜூலை 2
லூசியா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 14, திங்கள்
விக்கிரவாண்டியில் ஒரு ஓட்டலில் பில் போடுகிறேன். "ஜல்தி போடுப்பா" என்று லாரிக்காரர்கள். முதலாளி சீனுவாசன் வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம அருணு கம்ப்யூட்டர் கேம்லாம் பண்ணுவாரு" என்கிறார். ஒரே பேஜாரு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்து, வீடியோ எதையும் திறக்காமல் உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை போராடி ஒரு சிவப்புக் கட்டம். மேலிருந்து விழுகிறது. கீழே தரை வைத்தால், அதையும் துளைத்துக்கொண்டு போகிறது.
லூசியா எப்போது பின்னால் வந்து நின்றாளோ.
"ஏன் நிக்க மாட்டேங்குது?"
"தெரியல."
"வீடியோல பாக்கறது?"
"வேணாம்."
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.
"சரி, இன்னொரு வாட்டி போடுங்க."
போட்டேன். கட்டம் விழுந்தது.