பத்தாவது குப்பி

கிட்வாய் நகர்,
3-2-1987

அன்புத் தம்பி ரத்தினவேலுக்கு,

அக்காவின் ஆசிகள். புற்றுநோய் உன் மச்சானின் இடுப்பெலும்புக்கு வந்துவிட்டது. வலியில் தலையணையைக் கடித்தே கிழித்துவிட்டார். டாக்டர் மார்பின் ஊசிக்கு எழுதிய சீட்டு, மூன்று வாரமாக உன் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கிடக்கிறது. அலமாரிச் சாவியோ உன்னிடம். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபால்காரரை நடக்க வைக்கிறாயே, நேரில் வரப் பயமா?

உன்மேல் கோபமுள்ள அக்கா,
ஜெயலட்சுமி

மந்திர் மார்க்,
7-2-1987

அன்புள்ள அக்கா,

பயம்தான். போன வருடம் வார்டிலிருந்து நான்கு குப்பியைத் திருடி போதைக்கு விற்றுவிட்டான் ஒருவன். இப்போது போதைமருந்துக்குப் புதுச் சட்டம் வேறு, கணக்கு தவறினால் சிறைதான். "வீட்டுக்குக் குடுத்தா, நோயாளிக்குத்தான் போட்டாங்கன்னு எப்படிய்யா தெரியும்?" என்கிறார் அதிகாரி ராமமூர்த்தி. அவருக்கு என்ன பதில் சொல்வது? மச்சான் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

ரத்தினவேல்

கிட்வாய் நகர்,
10-2-1987

தம்பி,

பதில் என்னிடம் இருக்கிறது. பத்துப் பத்தாகக் கொடுங்கள். மாடி வீட்டு நர்ஸ் கோவிந்தம்மாள் ஊசி போட்டு, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்திடுவாள். காலிக் குப்பி பத்தும் திரும்பி வந்தால்தான் அடுத்த பத்து. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிடுங்கள். இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் காட்டு.

அக்கா

கிட்வாய் நகர்,
12-3-1987

தம்பி,

உங்கள் அதிகாரி சம்மதித்ததிலிருந்து உன் மச்சான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆனால், இந்த முறை காலிக் குப்பி ஒன்பதுதான். பத்தாவது, ஊசி போடும் முன்பே மருந்தோடு என் கை தவறி உடைந்துவிட்டது. "போட்டாச்சுன்னு எழுதிரட்டுமாக்கா? யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் கோவிந்தம்மாள். வேண்டாம் என்றேன். உடைந்தது என்றே எழுதியிருக்கிறாள். துண்டுகளையும் மருந்து துடைத்த துணியையும் பொட்டலமாக அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். அந்த வேளை ஊசியில்லாமல் அவர் துடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி உங்கள் இஷ்டம்.

அக்கா

மந்திர் மார்க்,
14-3-1987

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டாய்! பொட்டலத்தைப் பிரித்து, நோட்டையும் படித்த ராமமூர்த்தி, "திருடுறவன் இந்த வரிய எழுதமாட்டான்யா" என்றார். உனக்கு நிறுத்தவில்லை. அதோடு, இன்னும் ஆறு வீடுகளுக்கு இதே முறையில் கொடுக்க உத்தரவு போட்டுவிட்டார். முதல் வீடு பொன்னம்மாள் என்ற சித்தாளுடையது. மருந்து வாங்கியவள் என் கையை விடவே இல்லை.

இந்த முறைக்கான பத்துக் குப்பியைக் கோவிந்தம்மாளிடமே கொடுத்துவிட்டேன். அடுத்த பத்தோடு 22ஆம் தேதி ஞாயிறு காலை நானே வருகிறேன்.

ரத்தினவேல்

கிட்வாய் நகர்,
17-3-1987

என் ராசாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் மச்சான் சவரம் செய்துகொண்டார். "ஏண்டி, அந்தச் சீட்டுக்கட்டு எங்க? ஒந் தம்பிய ஒரு கை பாக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நான்கு மாதமாகிறது. சீக்கிரம் வா, நீயும் கேள்.

அக்கா