மெட்ராஸிலிருந்து வராத கடிதங்கள்

இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும், அண்ணா.

இன்று மதியம் பழைய வினாத்தாள்களைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது அந்தத் தபால்தலை ஆல்பம் கையில் அகப்பட்டது. சிவப்பு அட்டை, உள்ளே பூச்சி உருண்டை வாடை. அக்காவின் கல்யாணத்தன்று அத்தான் எனக்குத் தந்தது. நான் தபால்தலை சேர்ப்பவன் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். வாழ்நாளில் நான் ஒன்றுகூடச் சேர்த்ததில்லை. ஆல்பத்தின் பக்கங்கள் எல்லாம் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன. உன்னை மறைப்பதற்காகச் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அது.

நாம் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் உன் ஞாபகசக்தியைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். குமாஸ்தாவான அப்பா கால அட்டவணையைக் கொண்டுவந்து தருவார். நீ ஒருமுறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாய். பிறகு கிள்ளான் வண்டி எந்த நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொருவராகக் கேட்பார்கள். மாடு வைத்திருந்த பால்காரர் ஒருநாள் பால் செம்போடு நின்று, "அப்படியே நாளைக்கு என் மாடு எத்தன லிட்டர் கறக்கும்னு சொல்லிடுலா தம்பி!" என்றார். அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

உனக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு மாலை, "பெட்டாலிங், பத்து தீகா" என்று நிலையங்களின் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிட்டாய். அடுத்தது வரவில்லை. எல்லோரும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு பின்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாய்: "தம்பி, ஆரோ ரப்பர் வைச்சு அழிக்கிறாங்கள். நான் எழுத எழுத அழிக்கிறாங்கள்." எனக்கு அப்போது பதினைந்து வயது. நானும் சிரித்தேன்.

ஓராண்டுக்குள் நீ பள்ளிக்குப் போவதை நிறுத்தினாய். சுவரோடு பேசினாய். ரயில் ஊதினால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். அப்பா உன்னை மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. நம் தெரு மருத்துவரும் நம்மைப்போல யாழ்ப்பாணத்தார்தான். மாலைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயந்தார். அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே மூன்று தலைமுறைக்கு விசாரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊர், யார் என்ன உத்தியோகம், யாருக்கு என்ன வியாதி என்று எல்லாம் கேட்பார்கள்.

வழி சொன்னவர் பெரியப்பா. "பொடியன் மெட்ராஸுக்குப் படிக்கப் போயிட்டான் எண்டு சொல்லுங்கோ. ஆர் போய்ப் பார்க்கப் போகினம்?" அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருடைய சாவு வீட்டுக்கும் போகவில்லை.

வெளிநாடு போன பிள்ளை கடிதம் எழுத வேண்டுமே. உன் பள்ளிக் கொப்பிகளைப் பார்த்து எழுதிப் பழகியவன் நான். நம் கையெழுத்துகள் ஒன்றுபோல இருக்கும். மாதம் இருமுறை உன் பெயரில் எழுதினேன். அப்பா வாசித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சந்தோசமாய் எழுது" என்பார். வந்தவர்களுக்கெல்லாம் உரக்க வாசித்துக் காட்டுவார். ஒருவர் உறையைக் கேட்டபோது அப்பா தடுமாறவில்லை. "இவன் சின்னவன் தபால்தலைப் பைத்தியம். உறை வந்த உடனே வெட்டிப்போடுவான்" என்றார்.

அத்தான் வீட்டார் பெண் பார்க்க வந்த நாளில் நீ பின்னறையில் இருந்தாய். உன் வாயிலிருந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. முன்னறையில் அப்பா வாசித்தார். "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, இங்கே மாலையில் கடற்காற்று நன்றாக இருக்கிறது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பாடங்கள் மனதில் நன்றாக நிற்கின்றன." யாரோ, "என்ன அழகான கையெழுத்து!" என்றார்கள். அது அத்தானின் குரல் என்று பிறகு அறிந்தேன். நீ கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். அவர்கள் போனபின் என் சட்டையைப் பிடித்து மெல்லக் கேட்டாய்:

"தம்பி, அந்தக் கடிதம் எழுதினவன் ஆர்? நல்லாய் இருக்கிறான் போல."

உன் கையைச் சட்டையிலிருந்து விலக்கிவிட்டேன். அதன் பிறகு நான் நிம்மதியாக ஒரு கடிதமும் எழுதியதில்லை. பள்ளி விடுப்புக் கடிதம் எழுதும்போதும் நீ கதவுக்குப் பின்னால் நிற்கிறாய்.

கல்யாணம் முடிந்ததும் உன்னைக் கிள்ளானில் பெரியம்மா வீட்டுப் பின்னறைக்கு மாற்றினார்கள். ஆறு வருடம். ஞாயிறுதோறும் ரயிலில் வருவேன். சில வாரங்கள் என் பெயர் உனக்கு வராது. பத்து தீகாவுக்கு அடுத்தது பாடாங் ஜாவா என்று நான் சொல்லிக் கொடுத்தாலும் நிற்காது. ஆனால் அந்தக் கடிதம் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாமல் நின்றது. கடற்காற்று நன்றாக இருக்கிறது என்று பின்னறைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் நினைவில் கடைசியாக மிஞ்சியது நான் எழுதிய பொய், அண்ணா. நிமோனியாவில் நீ போனபோது, படிப்பு முடித்துத் திரும்பியவனுக்குக் காய்ச்சல் வந்ததாக ஊருக்குச் சொன்னார்கள். அத்தான் பாடை தூக்கினார். "படிச்ச பிள்ளை, படிச்ச பிள்ளை" என்று அழுதார். உன் ஞாபகமாக ஒரு மெட்ராஸ் கடிதத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கிப்போனார்.

இப்போது நான் ஆறாம் படிவ மேல்நிலை மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். பரம்பரைப் படம் போடுவேன். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோயுற்றவரைக் கறுப்பாகத் தீட்ட வேண்டும். ஒருவரையும் விடக்கூடாது, விட்டால் படம் பொய்யாகிவிடும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களை நானே தட்டிக்கழித்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அக்காவின் இளையவளுக்குப் பதினேழு வயது. நீ அவளைப் பார்த்ததில்லை. வீட்டின் தொலைபேசிப் புத்தகமே அவள்தான். எல்லோருடைய எண்ணும் மனப்பாடம். சென்ற மாதம் பெட்டாலிங் ஜெயாவில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எனக்கு மூன்று முறை தேநீர் கொண்டுவந்தாள். மூன்றாவது முறை மேசையில் மற்ற இரண்டு கோப்பைகளையும் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"மாமா, படிச்சது ஒண்ணும் நிக்கலை. யாரோ ரப்பர் வச்சு அழிக்கற மாதிரி இருக்கு. டீச்சர்கிட்ட சொன்னா சிரிக்கறாங்க."

உன் சொல். உன் நோயைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டிராதவள் அவள்.

சென்ற வாரம் அக்கா அவளை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினாள். அத்தான் வேலையாக வெளியூர் போயிருந்ததால் நான் துணைக்குப் போனேன். மருத்துவர் இளம்பெண். பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களிடம் பேசினாள்.

"மறதியெல்லாம் நோய் இல்லை ஆன்டி. பரீட்சை டென்ஷனாவும் இருக்கலாம். ஆனா ஞாபகசக்தி எப்படி வேலை செய்யுதுங்கறதுல பரம்பரைக்கும் பங்கு இருக்கு. சில பேருக்கு மனநோய் வர்றதுக்கு முன்னாடியே ஞாபகம்தான் முதல்ல தடுமாறும். குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இப்படி இருந்திருந்தா, கட்டாயம் வரும்னு அர்த்தமில்லை. நான் இப்பவே இன்னும் கவனமா பார்த்துக்குவேன், அவ்வளவுதான். யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லை" என்றாள் அக்கா.

மருத்துவர் என்னைப் பார்த்தாள். "அங்கிள்?"

"இல்லை" என்றேன்.

ஒரே சொல். அந்தக் கணத்தில் நீ இரண்டாம் முறை செத்தாய்.

காரில் அக்கா அழுதாள். "மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குதடா. இப்ப ஏதும் வெளியால வந்தால்? அத்தானுக்கு நான் என்னெண்டு சொல்லுவன்? இருபத்தைஞ்சு வருசம் ஏமாத்தினவள் எண்டு நினைக்கமாட்டாரே?"

"நினைப்பார். நினைக்கட்டும்."

"நீயும்தானே எழுதினனி!"

ஆம். நான்தான் எழுதினேன். அக்காமீது எனக்குக் கோபம். அப்பாமீதும் பெரியப்பாமீதும் கோபம். அந்தப் பொய்யைப் போய் மனப்பாடம் செய்தாயே என்று உன்மீதும்கூடக் கோபம். இத்தனை கோபத்தையும் இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தேன். அந்தக் கோபத்தால் பின்னறையில் இருந்த உனக்கு ஒரு மருத்துவர்கூட வந்துவிடவில்லை. அக்காவின் மகளுக்கு ஒரு மருத்துவர் வந்திருக்கிறாள். அவளிடம் போய்ப் பொய் சொன்னேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை அத்தானின் அலுவலக விலாசத்துக்கு அனுப்பப்போகிறேன். அவருக்கு ஆத்திரம் வரும். அக்காவோடு பல நாள் பேசாமல் இருப்பார். மூத்தவளின் சம்பந்தமும் முறியலாம். ஆனால் அவர் மகளை நேசிக்கிறவர். படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த மருத்துவரிடம் போவார். உன் கறுத்த சதுரத்தை அதன் இடத்தில் வைப்பார்.

எழுதி முடித்ததும் பெயர் போட அடிப்பக்கம் பேனாவைக் கொண்டுபோனேன். கை பழக்கத்தில் உன் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கிவிட்டது. அடித்துவிட்டு நிறுத்தினேன். என் பெயரையும் போடவில்லை. கோழை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஒருவன் பெயரை அத்தனை கடிதங்களில் பொய்யாக எழுதிய கைக்கு உண்மையின் கீழே கையெழுத்திடும் தகுதி இல்லை. அத்தான் தன்னிடம் இருக்கும் மெட்ராஸ் கடிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அழகான கையெழுத்து என்று அவர்தானே சொன்னார்.

தபால் நிலையம் மூட இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. பெயரில்லாமலே உறையில் வைத்து ஒட்டப்போகிறேன். உன்னைப் பற்றி நான் எழுதியவற்றில் தபால்தலை தேவைப்பட்ட முதல் கடிதம் இதுதான், அண்ணா.